வீட்டிலிருந்தே அருங்காட்சியகம்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

(நம் சங்கத்தின் கூட்டம் ஒன்றில் பேசியது. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டதற்கிணங்க, பெரும்பாலும் பேசியபடியே எழுதித் தந்திருக்கிறேன்.)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "தம்பி, டெக்னிக்கலா ஏதாச்சும் பேசுங்க. ஆனா மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் உங்க டர்ன், தூங்க வெச்சிடாதீங்க" என்றார். நான் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்த டெக்னிக்கல் விஷயம் இம்பெல்லர்தான். அதைப் பற்றிப் பேசினால் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் எங்கள் துறைத் தலைவரே தூங்கிவிடுவார். ஆகவே வேறு ஒன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இன்டர்நெட்டில் உலக அருங்காட்சியகங்களைச் சுற்றிப் பார்க்கிறோமே, அதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் தலைப்பு.

"இதுல தேர்ந்தெடுக்க என்னங்க இருக்கு? இலவசமாத்தானே கிடைக்குது, இஷ்டத்துக்குப் பாக்க வேண்டியதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு இருபது நிமிஷம்தான் கிடைத்தது. அந்தக் கதையைச் சொன்னால் மற்றது தானாகப் புரியும்.

என் அப்பா அரசு உயர்நிலைப் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். முப்பது வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மாங்காயும் பூந்தொட்டியும் வரையச் சொல்லிக் கொடுத்தவர். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் வரை போயிருக்கிறார். அதைத் தாண்டி எங்கும் போனதில்லை. ஆனால் அவருடைய தகரப் பெட்டியில் ஒரு பழைய காலண்டர் தாள் உண்டு. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1642-இல் வரைந்த 'நைட் வாட்ச்' படம். உள்ளங்கை அகலத்தில், இருட்டாக, தேய்ந்துபோன பிரிண்ட். அதை வைத்துக்கொண்டுதான் ஒளியும் நிழலும் என்றால் என்ன என்று வகுப்பெடுப்பார்.

2021-இல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சு மெல்லத் திரும்பியது, கை திரும்பவில்லை. வரைகிற கை. ஒரு தடவைக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் உட்கார வைக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மீதி நேரம் படுத்து விட்டத்தைப் பார்த்துக் கொண்டிருப்பார். என்னிடம் ஏதாவது கேட்டால் பரவாயில்லை. எதுவுமே கேட்கமாட்டார்.

அப்போதுதான் எனக்கு இந்த யோசனை வந்தது. ஹாலில் இருந்த டிவியில் கம்ப்யூட்டரை இணைத்து, ஐரோப்பாவின் பெரிய அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தேன். அம்புக்குறியை அழுத்த அழுத்த நாம் நடந்து போவது மாதிரி காட்சி நகரும். நானும் உற்சாகமாக அழுத்தினேன். ஒரு தாழ்வாரம், இன்னொரு தாழ்வாரம், மாடிப்படி, மறுபடி தாழ்வாரம். படங்கள் எல்லாம் ஓரத்தில் தபால்தலை மாதிரி தெரிந்தன. பன்னிரண்டாவது நிமிஷம் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். "போதும் கண்ணு, தலை சுத்துது. செவுத்தத்தான் பாத்துட்டுப் போறோம்" என்றார். அன்றைய இருபது நிமிஷம் போயிற்று.

நம் தொழிலில் ஒரு பாகம் உடைந்தால் என்ன செய்வோம்? ஏன் உடைந்தது என்று உட்கார்ந்து எழுதுவோம். அன்று இரவு அதைத்தான் செய்தேன். எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, 'வர்ச்சுவல் டூர்' என்று ஒரே பெயரில் நாம் சொல்வது உண்மையில் நாலு வேறு வேறு சாமான்கள்.

முதல் வகை, நடந்து பார்ப்பது. கூகுள் நிறுவனம் தெருக்களைப் படமெடுத்த அதே முறையில் அருங்காட்சியகங்களுக்குள்ளும் படமெடுத்தது. 2011 பிப்ரவரியில் 17 அருங்காட்சியகங்களோடு ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷமே டெல்லி தேசிய அருங்காட்சியகம் உள்பட நூற்றுக்கும் மேல் சேர்ந்துவிட்டன. இதில் கட்டடத்தின் போக்கு, கூரை, வெளிச்சம், எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதெல்லாம் நன்றாகத் தெரியும். பொருள் தெரியாது. காப்புரிமை உள்ள படங்களை மங்கலாக்கியும் வைத்திருப்பார்கள். கட்டடம் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இது சரி. அப்பாவுக்குச் சரியில்லை.

இரண்டாம் வகை, அருங்காட்சியகத்தாரே ஒரே இடத்தில் நின்று சுற்றிலும் எடுத்த முழுவட்டப் படம். வாட்டிகனில் சிஸ்டைன் தேவாலயத்தை இப்படிப் பார்க்கலாம். மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வரைந்த கூரை அது. தரையிலிருந்து சுமார் 20 மீட்டர் உயரம். நேரில் போனால் கூட்டத்தில் நின்று கழுத்தை ஒடித்துக்கொள்ள வேண்டும். இங்கே சாய்வு நாற்காலியில் கிடந்தபடி கூரையைப் பக்கத்தில் இழுத்துப் பார்க்கலாம். வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் இதே மாதிரி அறை அறையாக எடுத்து வைத்திருக்கிறது. அங்கே ஒரு விசேஷம், எடுத்துக் கலைத்துவிட்ட பழைய கண்காட்சிகளைக்கூட நீங்கள் பார்க்கலாம். நேரில் போனாலும் கிடைக்காத காட்சி.

மூன்றாம் வகை, ஒரே ஒரு பொருளை மிக நெருக்கமாகக் காட்டுவது. நான்காம் வகை, டூர் என்றே சொல்ல முடியாத அட்டவணை. அதாவது அருங்காட்சியகத்தின் இருப்புப் பதிவேட்டை அப்படியே போட்டோவோடு திறந்துவிடுவது. பாரிஸ் லூவர் 2021 மார்ச்சில் இப்படித் திறந்தபோது 4,80,000-க்கும் மேற்பட்ட பொருட்கள் அதில் இருந்தன.

இந்த நாலில் நான் பெரிதாக நினைத்தது முதல் இரண்டை. எங்களுக்குக் கைகொடுத்தது பின் இரண்டும்தான்.

காலண்டர் தாள் ஞாபகம் வந்து, ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் பக்கத்துக்குப் போனேன். நைட் வாட்ச் ஓவியத்தை ஆராய்ந்து பழுதுபார்க்கும் வேலையை அவர்கள் 2019-இல் தொடங்கியிருந்தார்கள். அதன் ஒரு பகுதியாக 2022 ஜனவரியில் ஒரு போட்டோவை வெளியிட்டார்கள். 8,439 தனித்தனிப் படங்களை ஒட்டிச் செய்த ஒரே படம். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 5 மைக்ரான் தூரம்.

நம் மெக்கானிக்கல் நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மனுஷனின் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் தடிமன். அப்படியானால் ஒரு முடி அகலத்துக்குள் 14 புள்ளிகள். ஓவியம் சுமார் 3.8 மீட்டர் உயரம், 4.5 மீட்டர் அகலம். மில்லிமீட்டருக்கு 200 புள்ளி என்று போட்டுப் பெருக்கினால் 68,400 கோடி புள்ளிகள் வருகின்றன. அவர்கள் சொல்லும் கணக்கு 71,700 கோடி. நம் லேப் ரெக்கார்டில் இதைவிடப் பெரிய வித்தியாசத்துக்கெல்லாம் சார் டிக் போட்டிருக்கிறார், ஆகவே என் கணக்கு பாஸ் என்று எடுத்துக்கொண்டேன்.

"இவ்வளவு பெரிய படம் நம்ம ஊரு நெட்டுல எப்படிங்க ஏறும்?" என்று எல்லோரும் கேட்பார்கள். முழுப் படமும் வருவதில்லை. படத்தைச் சிறு சிறு சதுர ஓடுகளாக வெட்டி, பல அளவுகளில் அடுக்கி வைத்திருப்பார்கள். நீங்கள் எந்த மூலையைப் பார்க்கிறீர்களோ அந்த மூலையின் ஓடுகள் மட்டும் இறங்கி வரும். சாதாரண இணைப்பே தாராளமாகப் போதும்.

அன்று சாயங்காலம் அப்பாவை உட்கார வைத்தேன். தாழ்வாரம் கிடையாது, மாடிப்படி கிடையாது. நேராகப் படம். நடுவில் கறுப்பு உடையில் தலைவர், பக்கத்தில் மஞ்சள் உடையில் துணைத் தலைவர். தலைவர் கையை முன்னே நீட்டியிருக்கிறார். அந்தக் கையின் நிழல் பக்கத்திலிருப்பவரின் மஞ்சள் சட்டையில் விழுகிறது. காலண்டர் தாளில் அது வெறும் கறுப்புத் திட்டு. இங்கே விரல் விரலாகத் தெரிந்தது.

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "வெளிச்சம் எங்கிருந்து வருதுன்னு அந்த ஒரு நெழலே சொல்லிருது பாரு" என்றார். அது ராத்திரிக் காட்சியே இல்லை, பகல் வேளை, மேலே பூசிய வார்னிஷ் நாளாக நாளாகக் கறுத்துப் போனதால்தான் பிற்காலத்தில் அந்தப் பெயர் வந்தது என்று நான் படித்ததைச் சொன்னேன். சிரித்துவிட்டார். நோய் வந்தபின் அன்றுதான் சிரித்தார். "முப்பது வருசம் பசங்களுக்கு ராத்திரின்னே சொல்லிக் குடுத்துட்டனே கண்ணு" என்றார். இருபது நிமிஷம் முடிந்தது. அன்று நாங்கள் பார்த்தது ஒரு கையும் அதன் நிழலும்தான்.

படத்தின் அளவு மட்டும் டிவியில் புரியாது. இது எல்லா டூருக்கும் உள்ள குறை. டிவியில் ஒரு மோதிரமும் ஒரு யானையும் ஒரே அளவுதான். அதற்கு நானும் என் மகளும் ஒரு வழி செய்தோம். மறுநாள் டேப்பும் சுண்ணாம்புக்கட்டியும் எடுத்துக்கொண்டு முற்றத்தில் நாலரை மீட்டருக்கு மூன்றே முக்கால் சொச்சம் கட்டம் போட்டோம். முற்றமே நிறைந்துவிட்டது. அப்பா திண்ணையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மகளைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அவளுக்கு ஓவியத்தில் பொறுமை இல்லை. அவளுக்கென்று தேர்ந்தெடுத்தது அப்பல்லோ 11. 1969-இல் மூன்று பேரை நிலவு வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்த 'கொலம்பியா' கலம் ஸ்மித்சோனியனில் இருக்கிறது. நேரில் போனாலும் உள்ளே ஏற விடமாட்டார்கள். 2016-இல் அதை உள்ளும் புறமும் முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து வெளியிட்டார்கள். அந்த வேலையின்போதுதான் உள்ளே சுவரில் விண்வெளி வீரர்கள் கையால் எழுதிய எண்களும், கோடு போட்டு நாளை அடித்துவிட்ட சின்ன நாள்காட்டியும் வெளிச்சத்துக்கு வந்தன. "தாத்தா, அவங்களும் செவுத்துல கிறுக்கியிருக்காங்க!" என்று அவள் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். எங்கள் வீட்டுச் சுவரின் நிலைமை எனக்குத்தான் தெரியும்.

பிறகு ஒருநாள் அப்பாவே கேட்டார். அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் விஷயம் அது. "எழும்பூர்ல அமராவதிக் கல்லு பாத்திருக்கறேன். மிச்சக் கல்லு லண்டன்ல இருக்குன்னு சொல்லுவாங்களே, அதைக் காட்டுவியா?"

விஷயம் இதுதான். ஆந்திராவில் கிருஷ்ணா நதிக்கரையில் அமராவதி என்ற இடத்தில் பெரிய பௌத்த ஸ்தூபி இருந்தது. 1845-இல் வால்டர் எலியட் என்ற ஆங்கிலேய அதிகாரி தோண்டியெடுத்த சிற்பக் கற்கள் சென்னைக்கு வந்தன. 1859-இல் அவற்றில் ஒரு பெரும்பகுதி லண்டனுக்குக் கப்பலேறியது. அது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அமராவதியின் வேறு கற்கள் எழும்பூரில் இருக்கின்றன. ஒரு ஸ்தூபி, இரண்டு ஊர். 'அமராவதி மார்பிள்' என்று பெயர் வைத்துவிட்டார்கள், உண்மையில் அது சுண்ணாம்புக்கல்.

இதற்கு நடந்து பார்க்கும் டூர் உதவாது. நான் பிரிட்டிஷ் மியூசியத்தின் பதிவேட்டைத் திறந்தேன். கல்லுக்கு ஒரு பக்கம், போட்டோ, அளவு, காலம் எல்லாம் இருக்கிறது. அதில் ஒரு கல் இரண்டு பக்கமும் செதுக்கியது. ஒரு பக்கம் கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்து வேலை, போதி மரத்தை வணங்குகிறார்கள். சுமார் மூன்று நூற்றாண்டு கழித்து யாரோ அதே கல்லைத் திருப்பிப் போட்டு, மறுபக்கத்தில் அந்த ஸ்தூபியையே முழுசாகச் செதுக்கியிருக்கிறார்கள். இன்று ஸ்தூபி இல்லை. அது எப்படி இருந்தது என்பதை அந்தக் கல்தான் சொல்கிறது. அப்பா இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிக் காட்டச் சொன்னார். "கல்லு வாங்கக் காசில்லாம திருப்பிப் போட்டானா, பழசு புடிக்காமத் திருப்பிப் போட்டானா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று இரவு சாப்பிடும்போதும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

இப்படி ஒன்றரை வருஷம் ஓடியது. அந்த அனுபவத்தில் நான் கற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வீட்டுக்குப் போய் நீங்களும் செய்து பாருங்கள்.

ஒன்று, முதலில் ஆளைப் பாருங்கள், அப்புறம் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். பார்க்கப்போகிறவர் மனதில் ஏற்கெனவே என்ன இருக்கிறதோ அங்கிருந்து தொடங்க வேண்டும். அப்பாவுக்கு அது ஒரு காலண்டர் தாள்.

இரண்டு, முழு அருங்காட்சியகம் வேண்டாம். ஒரு அறை போதும். ஒரு அறையிலும் மூன்று பொருள் போதும். மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் ஒரே தட்டில் வாங்கிக்கொண்டு என்ன பாடுபட்டோம் என்பது உங்களுக்குத் தெரியும்.

மூன்று, நேரில் போனால் கிடைக்காத ஏதாவது ஒன்று அந்த டூரில் இருக்கிறதா என்று பாருங்கள். முடியை விடச் சின்னதைக் காட்டுகிறதா, மூடிய கதவுக்குள் கூட்டிப் போகிறதா, கல்லின் மறுபக்கத்தைக் காட்டுகிறதா? இதில் எதுவும் இல்லையென்றால் விட்டுவிடலாம்.

நான்கு, முந்தின நாளே நீங்கள் ஒருமுறை தனியாகப் பார்த்துவிடுங்கள். எதிரில் நோயாளியையோ குழந்தையையோ உட்கார வைத்துக்கொண்டு வழி தேடக் கூடாது.

ஐந்து, அளவைக் கையால் காட்டுங்கள். சுண்ணாம்புக்கட்டி போதும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பேன். ஆனால் இன்னொரு டூரைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. 2018 செப்டம்பர் 2-ஆம் தேதி இரவு, பிரேசிலில் ரியோ டி ஜெனிரோ நகரத்துத் தேசிய அருங்காட்சியகம் தீப்பிடித்து எரிந்தது. 1818-இல் தொடங்கியது, சரியாக 200-வது வருஷம். சுமார் 2 கோடி பொருட்கள் இருந்த இடம். பெரும்பகுதி ஒரே ராத்திரியில் சாம்பல். பழங்குடி மக்களின் மொழிகளைப் பதிவுசெய்து வைத்திருந்த ஒலிநாடாக்களும் போயின. ஐந்து டன்னுக்கு மேல் எடையுள்ள ஒரு விண்கல் மட்டும் அசையாமல் அப்படியே நின்றது. தீக்கு முன்பே கூகுள் அங்கே உள்ளே படமெடுத்து வைத்திருந்தது. அதை டிசம்பரில் வெளியிட்டார்கள். இன்றும் நீங்கள் அதற்குள் நடக்கலாம். எரிந்துபோன கட்டடத்தின் எரிந்துபோன அறைகள். நடந்து பார்க்கும் டூரைக் குறை சொன்னேனே, இங்கே அதுவும் பெரிய விஷயம்தான். ஆனாலும் பார்க்கும்போது ஒரு ஆதங்கம் வரும். தாழ்வாரம் இருக்கிறது, அலமாரி இருக்கிறது, அலமாரிக்குள் இருப்பதை எட்டிப் பார்க்க முடியவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே போய் எடுத்திருக்கக் கூடாதா என்று தோன்றும்.

அதைப் பார்த்த அன்றுதான் எனக்கு நம் ஹீட் என்ஜின்ஸ் லேப் ஞாபகம் வந்தது.

நம் எல்லோருக்கும் தெரியும், அதற்கு மாணவர்கள் வைத்த பெயரே 'மியூசியம்'. அந்த நீராவி என்ஜின், ஆளுயரச் சக்கரம் வைத்த பழைய டீசல் என்ஜின், பித்தளை டயல்கள். பாடத்திட்டம் மாறிவிட்டது, புது லேப் வரப்போகிறது, பழைய கட்டடத்தை எடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வர வேண்டியதுதான். ஜூனியர்களுக்குப் புது மெஷின்கள் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த டீசல் என்ஜினை ஸ்டார்ட் பண்ணும் பக்குவம் லேப் அண்ணனின் கைக்கு மட்டுமே தெரியும். வால்வைத் திறந்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, சரியான நொடியில் மூடுவார். அதை எந்தப் புத்தகத்திலும் நாம் படிக்கவில்லை. அவருக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். கட்டடத்தைத் தொடும் முன் எங்களுக்கு இரண்டு சனி ஞாயிறு கொடுங்கள். எங்கள் பேட்சில் ஒருவரிடம் சுற்றிலும் படமெடுக்கும் கேமரா இருக்கிறது. கட்டடத்துக்கு அது போதும். ஆனால் ரியோவில் விட்டுப்போனதை நாம் விடக்கூடாது. பத்துப் பொருட்களைத் தேர்ந்தெடுப்போம். ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றி, ஒரு படமும் அடுத்த படமும் முக்கால் பாகம் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற மாதிரி நூற்றுக்கணக்கில் எடுத்தால் கம்ப்யூட்டர் அதை முப்பரிமாண உருவமாகக் கட்டித் தந்துவிடும். பெயர்ப்பலகையை எழுத்து எழுத்தாக எடுப்போம். என்ஜின் ஓடும் சத்தத்தைப் பதிவு செய்வோம். லேப் அண்ணனைப் பேச வைப்போம், அவர் கைகளைப் படமெடுப்போம். பணம் பெரிதாக ஆகாது. எந்தப் பத்து என்பதை மட்டும் சண்டை போட்டாவது நாம் முடிவு செய்ய வேண்டும். அந்தச் சண்டைக்கு இந்த மேடையிலேயே அழைக்கிறேன். என் ஓட்டு டீசல் என்ஜினுக்கு.

அப்பாவைப் பற்றிக் கேட்பீர்கள். இப்போது அரைமணி நேரம் வரை உட்காருகிறார். எதைப் பார்ப்பது என்று அவரே சொல்லிவிடுகிறார், நான் வெறும் மவுஸ் பிடிக்கிற ஆள். இடது கையில் பென்சில் பிடிக்கிறார். கோடு நடுங்கித்தான் வருகிறது. போன மாதம் ஒரு கை வரைந்தார், அதன் கீழே நிழலும் போட்டார். நிழல் சரியான பக்கத்தில் விழுந்திருந்தது.